கண்டது, விட்டது

காலை ஆறு மணிக்கு நான் கால்வாய்க்குப் போவேன். ஏழு மணிக்கு மறுபடியும் போவேன்.

முதல் முறை வேலை எளிது. வீட்டிலிருந்து மண்கரை வழியாகப் பன்னிரண்டு நிமிட நடை. பழைய நாற்கரச் சாலையின் பாலம் அங்கே பாதி மூழ்கிக் கிடக்கிறது. அதன் நான்காவது தூணில் அளவுக்கோடுகள் போட்டிருக்கிறோம். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பேன். மூங்கில் கழியை இறக்கி, சேறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். படகு வரும் வழியில் மரமோ அறுந்த வலையோ கிடக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாவற்றையும் 'கண்டது' என்ற கட்டத்தில் எழுதி அனுப்புவேன். வீட்டுக்கு வந்து டீ குடிப்பேன்.

பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, மணிக்கட்டில் வேறொரு நாடிவளையைக் கட்டிக்கொண்டு, அதே வழியில் போவேன். அந்த வளை சின்னது. என் கைக்குக் கொக்கி எட்டாது. நடுவில் தூண்டில் நரம்பு வைத்துக் கட்டியிருக்கிறேன். நடக்கும்போது அடியைக் குறுக்கி வைக்க வேண்டும். என் ஓரடியின் நீளம் எழுபத்தைந்து சென்டிமீட்டர். அந்த வளை பழகியது ஐம்பத்தெட்டுக்கு. ஆரம்பத்தில் எண்ணி எண்ணி நடந்தேன். இப்போது எண்ணுவதில்லை.

இரண்டாவது முறை அளக்க ஒன்றுமில்லை. நான் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எதைப் பார்க்காமல் விட்டேன் என்று தேட வேண்டும். அதுதான் கடினம். கண்டுபிடித்ததும் 'விட்டது' என்ற கட்டத்தில் எழுதி ஒப்புவேன். வளை பேசும்.

"நன்றி, ஹெப்சிபா. உங்கள் ஒப்புதலுக்கு இன்னும் ஒன்று காத்திருக்கிறது."

பதினான்கு மாதமாகத் தினமும் அதையே சொல்கிறது. ஹெப்சிபா என் மனைவி. காத்திருக்கும் அந்த ஒன்று, அவள் இறந்த செய்தி.

பொய்ப்பட ஆண்டுகளை நான் பள்ளியில் பாடமாகப் படித்தேன். எந்த வீடியோவும் உண்மையாக இருக்கலாம், எந்த வீடியோவும் செய்ததாக இருக்கலாம் என்று ஆன காலம். சென்சார்கள் சொன்ன அளவைக்கூட யாராவது உட்கார்ந்த இடத்திலிருந்து மாற்ற முடிந்தது. ஒரு புயலில், நடக்காத வெள்ளத்தின் படத்தை நம்பி எல்லா மீட்புப் படகுகளும் ஓர் ஊருக்குப் போயின. நிஜமாக மூழ்கிய ஊர் வேறு. அதற்குப் பிறகுதான் மனிதக் கண்ணைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை என்று சிலர் இணையத்தில் சேர்ந்தார்கள். இன்று உலகம் முழுக்க முப்பதாயிரம் கிளைகள். ஒவ்வொரு மொழியிலும் அதற்கு ஒரு பெயர். தமிழில் கண்கூடு.

எல்லோரும் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது. ஒரு கிளைக்குக் குறைந்தது மூன்று பேர். ஒருவர் காண்பவர். ஒருவர் ஒப்புபவர். காண்பவர் எழுதியதை ஒப்புபவர் அதே இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்து ஒப்ப வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து 'ஆமாம்' போடுவதைத் தடுக்க ஒரே ஒரு விதி வைத்தார்கள்: காண்பவர் பார்க்காமல் விட்ட ஏதாவது ஒன்றை ஒப்புபவர் எழுத வேண்டும். மூன்றாமவர் பொறுப்பாளர். இவர்கள் உயிரோடிருக்கும் நம் ஊர் ஆட்கள்தான் என்று வாரம் ஒருமுறை உறுதி சொல்பவர். நாடிவளைக்கு ஓர் உயிருள்ள கை பழகிய அடியில் அங்கே போனது மட்டும்தான் தெரியும். யாருடைய கை என்று தெரியாது.

இது தவிர, உலகின் மறுமூலையில் ஓர் இணைக்கிளை. அங்கே ஒரு வாசிப்பவர். நாம் ஒப்பியவற்றை மட்டும் அவர் படிப்பார். ஏதாவது இடறினால் 'ஐயம்' என்று பதிவார்.

ஒப்பப்பட்ட செய்திக்குக் கண்கூடு என்று பச்சை முத்திரை விழும். அந்த நிமிடத்தில்தான் அது நடந்ததாகக் கணக்கு. அதற்கு முன்னால் நடக்கவில்லை. மருந்து, படகு, அரிசி எல்லாம் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் கிளம்பும். எங்கள் ஊர் சிலுவைமேடு. ஒரு காலத்தில் உப்பளம். இப்போது நூற்று நாற்பது வீடுகள், சுற்றிலும் தண்ணீர். குடிதண்ணீரில் உப்பேறி, பதினோரு பேருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் படகு வருகிறது. கால்வாயின் ஆழத்துக்குப் பச்சை விழாத நாளில் அது கிளம்பாது.

நான் காண்பவனாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்லூரியை முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். ஒப்புபவர் யார் என்று தெரியாது. ஆறு மணிக்கு நான் போவேன், ஏழு மணிக்கு அவர் போவார். முதல் நாள் நான் நீளமாக எழுதியிருந்தேன். அதன் கீழே இப்படி இருந்தது: 'விட்டது: சேற்றில் காண்பவருடைய காலடிகள். இரண்டு காலிலும் வலது செருப்பு.'

உண்மைதான். வெள்ளத்துக்குப் பிறகு கிடைத்ததைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் வெறுங்காலோடு போனேன். 'விட்டது: கோபம்' என்று எழுதியிருந்தாள். அதற்கும் பச்சை விழுந்தது. இரண்டு வருடம் கழித்து நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் கழிமுகக் காய்ச்சல் வந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கண்டது. எனக்கு வாசனை போனது. அவள் ஒரு வெள்ளிக்கிழமை போனாள். நான் எழுதினேன்: 'கண்டது: ஹெப்சிபா செல்வின், வயது 29, காய்ச்சலில் இறந்தாள். மாலை 4.10.' அனுப்பினேன். விதிப்படி அது ஒப்புபவருக்குப் போனது. சிலுவைமேட்டில் ஒப்புபவர் ஹெப்சிபா. தலைமாட்டில் இருந்த அவள் வளை பேசியது.

"ஹெப்சிபா, உங்கள் ஒப்புதலுக்கு ஒன்று காத்திருக்கிறது."

செவ்வாய்க்கிழமை படகு வர வேண்டியிருந்தது. அவள் வளையை எடுத்துக் கட்டிக்கொண்டு ஏழு மணிக்குப் போனேன்.

அழைப்பு வந்தது ஒரு திங்கட்கிழமை. இரண்டாவது நடை முடிந்து வளையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இணைக்கிளை, சிலி நாட்டின் தென்கோடித் தீவு. அவர்களுக்கு அப்போது ஞாயிற்றுக்கிழமை. வாசிப்பவரின் பெயர் இனெஸ். படகுத் துறையில் டிக்கெட் கிழிப்பவர் என்று மட்டும் தெரியும். அவர் பேசினால் மொழிமாற்றி தமிழில் சொல்லும். அது யாழ்ப்பாணத் தமிழில் பழக்கப்பட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

"வணக்கம் செல்வின். ஹெப்சிபாவோடை கதைக்கலாமோ?"

"வெளியே போயிருக்கா."

"சரி. ஒரு சின்ன விசயம். அவவின்ரை எழுத்திலை இப்ப மணமே இல்லை."

"மணமா?"

"ஓம். முந்தி ஒவ்வொரு நாளும் ஒரு மணம் எழுதுவா. மண்ணெண்ணெய் மணம், ராத்திரி ஏதோ படகு நிண்டிருக்கு எண்டு. புளிச்ச மா மணம், மேலை எங்கையோ பாசி செத்திருக்கு எண்டு. ஒருக்கா 'பிள்ளை பெத்த வீட்டு மணம்' எண்டு எழுதினவ. அது என்ன மணம் எண்டு நான் மூண்டு நாள் யோசிச்சனான்."

எனக்கு நினைவிருந்தது. கரையோரத்து வீடு ஒன்றில் அன்று காலை குழந்தை பிறந்திருந்தது. வசம்பும் சாம்பிராணியும். நான் அந்த வீட்டைத் தாண்டித்தான் போயிருந்தேன்.

"பதினாலு மாசமா எல்லாம் அளவும் எண்ணிக்கையும்தான். தூணிலை ஏழு சிப்பி, வடக்குப் பக்கம் மூண்டு காகம். அவவுக்கு ஏதும் வருத்தமோ?"

யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை.

"வருத்தம்தான்," என்றேன்.

பின்னால் கடல் சத்தம் கேட்டது. அங்கே உள்ள கடல்.

"விதிப்படி நான் ஐயம் எண்டு பதிய வேணும். ஏழு நாள் கிடக்கு. அதுக்குள்ளை அவ ஒரு மணம் எழுதட்டும். நான் விட்டிடுறன்."

ஐயம் பதிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கிளையிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். ஹெப்சியைப் பார்க்க வேண்டும் என்பார்கள். பொய் கண்ட கிளையை மறுபடி திறப்பதில்லை. சிலுவைமேட்டின் சொல் அதோடு முடிந்தது. படகும் முடிந்தது.

ஜெசிந்தா அக்காதான் பொறுப்பாளர். நன்னீர்க் கொட்டகையில் கேன்களுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி அமலதாஸ் அண்ணன் ஒரு கேன்மேல் உட்கார்ந்து கால் வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு லாரி ஓட்டியவர். பதினோரு பேரில் அவர் ஒருவர். நான் சொன்னதை இரண்டு பேரும் கேட்டார்கள்.

"எழுதிரேன் டே ஒரு வாசனைய," என்றார் அக்கா. "மீன் நாத்தம்னு எழுது. என்னைக்கு இல்லாம இருந்துச்சு?"

"ஹெப்சி அப்படி எழுத மாட்டா. அந்தம்மா கண்டுபிடிச்சிரும்."

"அப்பம் மூக்கு வேணும்," என்றார் அமலதாஸ் அண்ணன். "எனக்குக் கிட்னிதான் போச்சு. மூக்குக்கு இன்னும் டயாலிசிஸ் வேண்டாம். நான் வாரேன்."

"லேய், நீ சும்மா இரி. அரை பர்லாங்கு நடந்தா மூச்சு வாங்குத."

"மூச்சு வாங்குனாத்தானக்கா மணக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. குழாயை மூடினார். கேன் பாதிதான் நிறைந்திருந்தது.

"செல்வினு, நான் மூணு தடவ உங்கிட்டச் சொல்லிட்டேன். கைமாத்து எடு. இவன் சேரட்டும். நூறு நாள் ரெண்டு பேரும் சேந்து ஒப்பட்டும். அவ ஒதுங்குனதா ஆயிரும். முடிஞ்சிது சோலி."

கைமாற்று என்றால், ஒப்புபவர் தானே ஒரு புது ஆளைப் பழக்கிவிட்டு ஒதுங்குவது. கிளையின் சொல் ஒரு நாளும் நிற்காது. ஒப்புபவர் இறந்துவிட்டால் அப்படி முடியாது. புது ஆள் வேறு கிளையில் நூறு நாள் பழக வேண்டும். அதுவரை கிளை மூடிக்கிடக்கும்.

"பதினோரு பேரு உயிரு அக்கா. பாதியில ஏதாவது தப்பாச்சுன்னா படகு..."

"படகு படகுன்னு எங்கிட்டச் சொல்லாத." அக்கா குரலை உயர்த்தவில்லை. "கைமாத்து எடுத்தாலும் படகு வரும். அது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாராவாரம் அவ உசிரோட இருக்கான்னு நான்லா கைநாட்டு வைக்கேன். பதினோரு பேருக்காவன்னு நெனைச்சுத்தான் வச்சேன். இப்பம் பாத்தா உனக்காவல்லா வச்சிருக்கேன்."

கைமாற்று முடிந்தால் அவளுடைய காத்திருப்புப் பட்டியல் முழுவதும் அடுத்தவருக்குப் போய்விடும். அதில் இருப்பது ஒன்றே ஒன்று. அடுத்தவர் அதை ஒப்பிவிடுவார். அப்புறம் அவள் இறந்துபோவாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அமலதாஸ் அண்ணன் என் வீட்டு வாசலில் நின்றார். பன்னிரண்டு நிமிட வழிக்கு நாற்பது நிமிடம் ஆனது. நான் ஹெப்சியின் அடியில் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

"என்ன டே பொம்பள மாரி நடக்க?"

வளையைக் காட்டினேன்.

தூணுக்குப் பக்கத்தில் போனதும் கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுதத் தயாராக நின்றேன்.

"சேறு," என்றார். "அது எப்பமும் உள்ளது. டீசல் கொஞ்சம். நண்டு எங்கனயோ செத்துக் கெடக்கு." நிறுத்தினார். தூணின்மேல் கை வைத்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். "இது என்ன... பள்ளிக்கூடம் மாரில்லா மணக்கு."

"பள்ளிக்கூடமா?"

"சாக்பீஸ நனைச்சு வச்ச மாரி. நெசமாத்தான். நீயே மோந்து... சரி, உனக்கு எங்க."

நான் தூணைப் பார்த்தேன். அளவுக்கோடுகள் சரியாக இருந்தன. ஒரு கோட்டின் மேல் நகத்தால் கீறினேன். மாவாக உதிர்ந்தது. இன்னும் கீழே, தண்ணீர் மட்டத்தில், விரல் உள்ளே போனது. தூணின் அடி கரைந்துகொண்டிருந்தது. அது இறங்கவும் செய்திருந்தது. கழியை வைத்து அளந்தபோது பதினெட்டு சென்டிமீட்டர் வித்தியாசம். அத்தனை நாளும் நான் எழுதிய ஆழம் தவறு. தண்ணீர் வற்றும் மாதமாக இருந்திருந்தால் படகு தரை தட்டியிருக்கும்.

பதினான்கு மாதமாக இந்தக் கால்வாயை ஒரே ஓர் ஆள் பார்த்திருக்கிறான். தினமும் இரண்டு முறை வந்தான். முதலில் பார்க்காததை இரண்டாவது முறையும் பார்க்கவில்லை. ஏழு சிப்பி. மூன்று காகம்.

"எழுது டே," என்றார் அமலதாஸ் அண்ணன். "எதுக்கு இப்பிடி நிக்க?"

எழுதினேன். 'விட்டது: தூணருகே நனைந்த சாக்பீஸ் மணம். தூண் கரைகிறது. அளவுக்கோடுகளை நம்ப வேண்டாம். காண்பவரின் கணக்கில் பதினெட்டு சென்டிமீட்டர் பிழை.' ஒப்பினேன். பச்சை விழுந்தது.

"நன்றி, ஹெப்சிபா. உங்கள் ஒப்புதலுக்கு இன்னும் ஒன்று காத்திருக்கிறது."

அமலதாஸ் அண்ணன் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார்.

"தெனமுமா இது சொல்லுது?"

"தினமும்."

இனெஸ் அன்றைக்கே அழைத்தார்.

"மணம் வந்திட்டுது. ஐயம் இல்லை."

"நன்றி."

"நல்ல மூக்கு," என்றார். "ஆனா ஹெப்சிபாவின்ரை மூக்கு இல்லை. அவ பள்ளிக்கூடத்தை எழுத மாட்டா. அவவுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது எண்டு ஒருக்கா எழுதினவ."

ஹெப்சி அப்படி எழுதியது எனக்குத் தெரியாது. ஏழு வருடத்தில் ஒரு நாள் நான் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

"வாசிக்கிற ஆளுக்கு ஒரு விசயம் தெரிஞ்சால் எழுத வேணும். அதாலை நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். நானும் ஒண்டும் கேக்கேல்லை." மொழிமாற்றி அடுத்த வாக்கியத்துக்குச் சற்றுத் தாமதித்தது. "அவவுக்குக் களைப்பெண்டால் கைமாத்து எடுக்கச் சொல்லுங்கோ. நூறு நாளும் நான் வாசிப்பன். ஒரு நாளும் விட மாட்டன்."

அன்று மாலை ஹெப்சியின் பெயரில் கைமாற்றுக்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற இடத்தில் 'களைப்பு' என்று எழுதினேன்.

நூறு நாள் என்பது மூன்று மாதத்துக்கு மேல் பத்து நாள். முதல் மூன்று வாரம் அமலதாஸ் அண்ணன் வழியில் நான்கு முறை உட்கார்ந்தார். பிறகு மூன்று. டயாலிசிஸ் நாட்களில் விடியும் முன்பே வந்துவிடுவார். கரையாத வேறொரு தூணில் நாங்கள் கோடு வரைந்தோம். அவர் ஓயாமல் பேசுவார். எந்த லாரிக்குள் என்ன மணம் இருக்கும், திருநெல்வேலியைத் தாண்டினால் காற்று எப்படி மாறும் என்று சொல்வார். இடையிடையே, "ஹெப்சியம்மா, இது சரியா?" என்று என்னைக் கேட்பார். முதலில் கிண்டலாகத்தான் கேட்டார். நாளாக ஆகக் கிண்டல் போய்விட்டது. எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தூணில் எங்கே குனிய வேண்டும், காகத்தை ஏன் எண்ண வேண்டாம், சேற்றை ஏன் கடைசியில் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அவை எனக்கு எப்போது தெரிந்தன என்று தெரியவில்லை. காண்பவனாக இருந்தபோது தெரியாது.

இனெஸ் ஒவ்வொரு நாளும் 'வாசித்தேன்' என்று எழுதினார்.

நூறாவது நாள் தூணடியில் நின்று கைமாற்றை முடித்தேன். வளை சொன்னது: "நன்றி, ஹெப்சிபா. உங்கள் மூவாயிரத்துப் பன்னிரண்டு ஒப்புதல்களுக்குச் சிலுவைமேடு கிளையின் நன்றி." அதன் விளக்கு அணைந்தது. தூண்டில் நரம்பை அறுத்தேன். மணிக்கட்டில் வெள்ளையாகத் தடம் இருந்தது. அதே நேரத்தில் அமலதாஸ் அண்ணனின் வளை பேசியது.

"காலை வணக்கம், அமலதாஸ். உங்கள் ஒப்புதலுக்கு ஒன்று காத்திருக்கிறது."

அவர் என்னைப் பார்த்தார்.

"சாயங்காலம் வாரேன்," என்றார். "நாலு மணிக்கு."

கடந்து போன ஒன்றை ஒப்ப வேண்டுமானால், அது நடந்த இடத்துக்குப் போக வேண்டும். அங்கே இருந்த இன்னொருவரைக் கேட்க வேண்டும். அதுதான் விதி. அவர் ஜெசிந்தா அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டையை உள்ளே விட்டு, தலைசீவி வந்திருந்தார். லாரி கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

அறையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"எங்க படுத்திருந்தா?"

ஜன்னல் பக்கத்தைக் காட்டினேன்.

"நீ?"

எதிர்ச் சுவரைக் காட்டினேன். இடையில் ஐந்தடி.

"நாலு பத்துக்கு நீ பாத்தியா?"

பதினேழு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஒப்ப வேண்டியவள் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள்.

"இல்லை," என்றேன். "மத்தியானம் எனக்குக் காய்ச்சல் ஏறிருச்சு. தூங்கிட்டேன். முழிச்சப்ப நாலு பத்து. அவ போயிருந்தா. எப்ப போனான்னு எனக்குத் தெரியாது."

அமலதாஸ் அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா கதவோரம் நின்றிருந்தார். சேலை முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் வரும்போது நாலரை இருக்கும்," என்றார். "இவன் அவ பக்கத்துல குத்த வச்சு இருந்தான். கூப்பிட்டா திரும்பல. இவன் பாயில ஒரு துணி கெடந்துச்சு. ஈரத்துணி. நாலா மடிச்சது. எடுத்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு. யூகலிப்டஸ் தைலம் போட்டு நனைச்சிருந்தா. வீடு பூரா அந்த வாசந்தான். படியேறும்போதே மணத்துச்சு."

"யார் போட்டா?" என்றேன்.

"என்ன டே கேள்வி? வீட்ல வேற யாரு இருந்தா?" அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன் நெத்தியில போட்டுட்டுப் போய்ப் படுத்திருக்கா. நீ முழிச்சு எந்திரிச்சதுல கீழ விழுந்திருக்கும். காய்ச்சல்காரன் நெத்தியில துணி எவ்வளவு நேரம் ஜில்லுன்னு இருக்கும்? பத்து நிமிசம். மிஞ்சிப்போனா கால் மணி நேரம்."

எழுந்தபோது நெற்றி ஈரமாக இருந்தது நினைவிருக்கிறது. வேர்வை என்று நினைத்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லலக்கா?"

"உனக்குத் தெரியும்னுல்லா நெனைச்சேன். வீடே மணந்துச்சே." அக்காவின் குரல் இறங்கியது. "உனக்கு வாசனை போனது எனக்கு அப்புறந்தானே தெரியும். பொறவு, நீ ஒண்ணுமே கேக்கல்லியே தம்பி."

அமலதாஸ் அண்ணன் ஜன்னல் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்தார். தரையைத் தொட்டார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். எனக்குக் காட்டினார். அனுப்பட்டுமா என்று கேட்கவில்லை. காத்திருந்தார்.

'விட்டது: காண்பவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய 3.55க்கு ஹெப்சிபா எழுந்து ஐந்தடி நடந்து, தைலத்தில் நனைத்த துணியை அவர் நெற்றியில் போட்டார். வீடு முழுக்க யூகலிப்டஸ் மணம்.'

நான் தலையசைத்தேன். பச்சை விழுந்தது. கண்கூட்டின் கணக்கில் அவள் அன்றுதான் இறந்தாள்.

"நன்றி, அமலதாஸ்," என்றது வளை. "வேறு ஒன்றும் காத்திருக்கவில்லை."

சிலியிலிருந்து 'வாசித்தேன்' வரச் சிறிது நேரம் ஆனது. அந்தச் சொல்லுக்குக் கீழே, வாசிப்பவர்கள் எழுதக் கூடாத இடத்தில், இனெஸ் அவர்கள் மொழியிலேயே ஏதோ எழுதியிருந்தார். மொழிமாற்றி அதைத் தமிழாக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குக் கால்வாய்க்குப் போனேன். தண்ணீர் இரண்டாவது கோட்டுக்குச் சற்றுக் கீழே. சேறு ஏறவில்லை. வழியில் தடை இல்லை. எழுதி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து டீ குடித்தேன். சட்டையை மாற்றினேன். மாற்றிய பிறகுதான் போக வேண்டியதில்லை என்று தெரிந்தது. வாசலில் செருப்போடு நின்றேன். ஏழு மணிக்கு அமலதாஸ் அண்ணன் தனியாக மண்கரையில் போவது தெரிந்தது. ஒரே இடத்தில்தான் உட்கார்ந்தார்.

ஏழே முக்காலுக்கு ஒப்புதல் வந்தது. படித்தேன்.

'விட்டது: சேற்றில் காண்பவருடைய காலடிகள். அடிக்கு அடி ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். வளை கையில் இல்லை என்பது அவர் காலுக்கு இன்னும் தெரியவில்லை.'